பாதுகாப்புக்கு என்று எழுதக் கூடாது

துவக்கு விற்கிற கடையில் வேலை செய்கிறவர் ஒரு நாளில் ஒரு துவக்காவது விற்பாரோ தெரியாது, ஆனால் ஒரு தடவையாவது சிரித்த முகத்தோடு "இல்லை" என்று சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. மருந்துக்கடை, வங்கி, விசா அலுவலகம் என்று எங்கேயாவது மேசைக்கு அந்தப் பக்கம் நின்று "இல்லை" சொல்லிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

என் பெயர் ரெஜினா. ஊர் மன்னார். ஆக்லாந்தில் பென்ரோஸ் பக்கம், ஒரு டயர்க் கிடங்குக்கும் ஒரு பெயின்ட் தொழிற்சாலைக்கும் நடுவில் இருக்கிற வேட்டைச் சாமான் கடையில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறேன். முன்பக்கம் கூடாரம், மலையேறப் போடுகிற சப்பாத்து, காஸ் அடுப்பு. அது என் பகுதி. பின்பக்கம் கண்ணாடிக்குள் துவக்குகள். அது கெவின் என்ற வெள்ளைக்காரரின் பகுதி. கெவின் சேர்ந்தாற்போல் நாலு சொல் பேசினால் அன்றைக்குக் கடையில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுவோம். அதனாலோ என்னவோ, துவக்கு விசாரிக்க வருகிறவர்கள் அவரை விட்டுவிட்டு என்னிடம்தான் வருவார்கள். நம்மவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். எல்லாருக்கும் ஒரே கேள்வி: காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம், பாதுகாப்புக்கு ஒரு துவக்கு வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்த நாட்டில் மான் வேட்டைக்கு எடுக்கலாம், குறிபார்த்துச் சுடுகிற விளையாட்டுக்கு எடுக்கலாம், பண்ணையில் முயல் தொல்லை என்று எடுக்கலாம். பாதுகாப்புக்கு என்று விண்ணப்பத்தில் எழுதினால் கதை அதோடு முடிந்தது.

துவக்கு என்றால் துவக்குதான்

ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை. நகரத்துக்குள் வங்கியில் கம்ப்யூட்டர் வேலையாம். மனைவியோடு கோரமண்டல் பக்கம் முதல் தடவையாக முகாம் போகிறார்களாம். கூடாரம், பாய், அடுப்பு எல்லாம் விசாரித்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அக்கா, அங்க ராத்திரி யாரும் இருக்க மாட்டாங்களாமே, சேஃப்டிக்கு எதுனா…" என்று இழுத்தார். எனக்கு முன்னால் மூன்று பேர் சப்பாத்துக்கு நிற்கிறார்கள். "தம்பி, துவக்கெண்டா லைசன்ஸ் வேணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஆளும் மனைவியும் கடையில் நிற்கிறார்கள். அவர் தன் கார் லைசன்ஸை மேசையில் வைத்தார். மனைவியுடையதையும் பக்கத்தில் வைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது: எங்கள் ஊரில் துவக்கு என்றால் துப்பாக்கி. அவர் ஊரில் துவக்கு என்றால் ஆரம்பி. முகாமைத் துவக்குவதற்கே அரசாங்கத்திடம் லைசன்ஸ் வாங்க வேண்டும் என்று நான் சொன்னதாக நினைத்து, இரவெல்லாம் இணையத்தில் தேடியிருக்கிறார்கள் பாவங்கள். நான் சிரித்த சிரிப்பில் பின்பக்கத்திலிருந்து கெவினே எட்டிப் பார்த்தார். அந்தப் பிள்ளை மட்டும் முகத்தை மாற்றாமல் கேட்டார்: "ஸ்டார்ட் பண்றதுக்கே இவ்வளவு கஷ்டம்னா, திரும்பி வர்றதுக்கு என்னக்கா எடுத்துட்டு வரணும்?"

ஒரே ஒரு ஆள்

இந்த மார்ச் மாதம் கெவின் ஓய்வு பெறப் போவதாகச் சொன்னார். முதலாளி கிரெய்க் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குளிர்காலத்தில் கூடாரம் வாங்க ஆள் வராது, முன்பக்கத்துக்குக் கிழமையில் இரண்டு நாள்தான் வேலை இருக்கும், ஆனால் நான் துவக்கு லைசன்ஸ் எடுத்தால் கெவினின் இடத்தில் முழுக்கிழமையும் நிற்கலாம் என்றார். விண்ணப்பத்தை அச்சடித்தும் வைத்திருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பயம் வந்தது வருமானத்தை நினைத்து இல்லை. கிழமையில் ஐந்து நாள் நான் அந்த வீட்டில் என்ன செய்வது? புருஷன் கண்மூடி எட்டு வருடம். மகள் வேலை கிடைத்து அவுஸ்திரேலியாவில் பேர்த்துக்குப் போய் மூன்று வருடம். பிளாக்ஹவுஸ் பேயில் மூன்று அறை வீட்டில் நான் தனியே. கடைக்கு வந்தால் ஆரோ ஒருவர் "எக்ஸ்கியூஸ் மீ" என்றாவது சொல்லுவார். வீட்டில் அதுவும் இல்லை.

விண்ணப்பத்தில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது, இரண்டு பெயர் கேட்கிற இடம் வரும் வரைக்கும். என்னைத் தெரிந்த இரண்டு பேரிடம் பொலிஸ் பேசுமாம். ஒருவர் நெருங்கிய உறவு. அதற்கு மகள் இருக்கிறாள். மற்றவர் உறவில்லாதவர், என்னை நன்றாகத் தெரிந்தவர். கடையில் இருக்கிறவர்களைப் போடலாமா என்று கேட்டேன். கடைக்காகத்தானே எடுக்கிறோம், வெளியாள் என்றால்தான் எடுபடும் என்றார் கிரெய்க். ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எங்கள் மாதா கோவிலில் புதுச் சாமியார், என்னை ரொசலின் என்று கூப்பிடுகிறார், நானும் திருத்தவில்லை. ஞாயிறு பூசைக்கு வருகிற பெண்கள் என் சேலையைப் பற்றி ஐந்து நிமிடம் கதைப்பார்கள், என்னைப் பற்றி இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாறுகிறது. இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம். கிரெய்க் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்ல மனத்தோடுதான், சொன்னார்: "ஒரே ஒரு ஆள்தானே, ரெஜி. எல்லாருக்கும் ஒருவராவது இருப்பார்."

சைவ வேட்டைக்காரர்

விண்ணப்பம் என் கைப்பையில் கிடந்த நாட்களில்தான் சைவக் கோவில் கமிட்டி ஐயா ஒருவர் வந்தார். நெற்றி நிறைய விபூதி. அறுபது வயது இருக்கும். மகன் வாங்கிக் கொடுத்த வான் வண்டிக்குள் படுக்கை போட்டு ஊர் சுற்றப் போகிறாராம். ஆளில்லாத கடற்கரைகளில் நிறுத்துவதால் துவக்கு வேண்டுமாம். பாதுகாப்புக்குத் தரமாட்டார்கள் என்று நான் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். "மான் வேட்டைக்கு எண்டு எழுதுவன்" என்றார்.

"ஐயா, நீங்கள் முட்டைகூடச் சாப்பிடமாட்டியளே" என்றேன். "நான் சைவமெண்டு பொலிசுக்கு என்னெண்டு தெரியும்?" என்றார். சரி, இவரை வேறு வழியாலே மடக்க வேண்டும். "பொலிஸ் உங்கட வீட்டுக்கு வரும் ஐயா. உங்களைத் தனிய ஒரு அறையில விசாரிக்கும். பிறகு உங்கட மனிசியைத் தனிய வச்சுக் கேக்கும், இவர் எப்பிடிப்பட்ட ஆள், வீட்டில கோபம் வந்தா என்ன செய்வார், இவரிட்டத் துவக்குக் குடுக்கலாமோ எண்டு." ஐயா சிறிது நேரம் கூரையைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கை முழுவதும் அவர் கண்ணுக்கு முன்னால் ஓடியிருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு பொறாமையும் வந்தது. கேட்பதற்கு அவருக்கு ஒரு ஆள் வீட்டில் இருக்கிறதே. ஐயா கடைசியில் தொண்டையைச் செருமினார். "மனிசியிட்டயும் கேப்பினமோ? அப்ப ஒரு நல்ல டோச் லைற்றாத் தாங்கோ, பிள்ளை."

பாம்பில்லாக் காடு

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒருவர். இங்கே ஆஸ்பத்திரியில் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் ஹுனுவா மலைக்கு முகாம் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரும் துவக்குத்தான் கேட்டார், பதில் எனக்குப் பாடம். "இஞ்ச பாம்பு இல்லை" என்றேன். நம்பவில்லை. "கரடி?" இல்லை. "சிறுத்தை?" இல்லை. "யானை?" தம்பி, யானை எப்படி வரும்? "நரி கூடவோ?" நரி கூட இல்லை. காட்டுப்பன்றி இருக்கிறது, மனிதரைக் கண்டால் ஓடிவிடும். மணல் ஈ கடிக்கும், அதற்கு மருந்து அந்தத் தட்டில் இருக்கிறது. பொசம் என்று மரத்தில் ஏறுகிற ஒரு பிராணி, கிழவன் இருமுவது மாதிரிச் சத்தம் போடும், ஒன்றும் செய்யாது. இந்தக் காட்டில் ஆட்களைக் கொல்லுவது ஆறும் குளிரும்தான், இரண்டையும் சுட முடியாது.

இவ்வளவும் கேட்டால் ஒரு மனிதனுக்கு நிம்மதி வரவேண்டும்தானே? அவருக்கு முகம் இன்னும் வாடிப்போனது. சின்ன வயதில் வயலில் காவல் படுத்தவராம். யானைக்கு ஒரு காது, பாம்புக்கு ஒரு காது, ஆமிக்காரனுக்கு ஒரு காது என்று வைத்துக்கொண்டே நித்திரை கொண்டவராம். மணல் ஈ மருந்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆருக்குப் பயப்பிடுறதெண்டு தெரியாமல் எப்பிடி அக்கா படுக்கிறது?"

தகப்பனும் இரண்டு பிள்ளைகளும்

இது சிரிக்கிற கதை இல்லை. ஒரு தகப்பன், ஒன்பது வயதில் ஒரு பெட்டை, ஏழு வயதில் ஒரு பெடியன். பள்ளி விடுமுறைக்கு மூவருமாகக் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள். தாய் இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒருவரையொருவர் தள்ளி விளையாட, தகப்பன் என்னிடம் ரகசியமாகக் கேட்டார், "அக்கா, நான் தனிய ரெண்டு பிள்ளையளோட போறன். ஏதும் நடந்தால்…" வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்பக்கத்தில் கெவின் வேறொரு ஆளுக்குக் காட்டுவதற்காக ஒரு துவக்கை எடுத்து, தோட்டா இல்லை என்று காட்டக் கம்பியை இழுத்துவிட்டார். கிளிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நான் திரும்பிப் பார்த்தபோது தகப்பனைக் காணவில்லை. நித்திரைப் பைகள் அடுக்கியிருக்கிற தட்டுக்குப் பின்னால் தரையில் குந்தியிருந்தார், இரண்டு பிள்ளைகளையும் நெஞ்சோடு அமுக்கியபடி. நானும் பக்கத்தில் போய் இருந்தேன். வேறு என்ன செய்வது? ஊரில் சண்டைக்குள் இருந்துவிட்டு வந்த நானும், இந்தக் கடையில் முதல் வருடம் முழுக்க அந்தத் துவக்குப் பெட்டியைக் கடந்து போகாமல், குளிரிலும் மழையிலும் வெளிவாசலால் சுற்றிக் கழிவறைக்குப் போனவள். அதை அவரிடம் சொன்னேன். பெட்டை தகப்பனின் கையை மெல்ல விலக்கி, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பிச் சொன்னாள்: "அப்பா, இட்ஸ் ஓகே. திஸ் இஸ் ஜஸ்ட் எ ஷாப்."

வீட்டில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களா?

கிரெய்க் கிழமைக்கு ஒரு முறை, "ஆள் கிடைத்துவிட்டதா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார். கெவினுக்குப் பிரியாவிடைக் கேக் கூடச் சொல்லியாகிவிட்டது. அந்த நாட்களில் ஜூடித் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. வடக்கே 'தொண்ணூறு மைல்' என்று பெயர் வைத்த கடற்கரைப் பக்கம் தனியாகப் போய்த் தங்குகிறவர். அவரும் பாதுகாப்புக்கு ஏதாவது என்றார், நானும் இல்லை என்றேன். ஆனால் ஒரு பீக்கன் எடுத்துக் காட்டினேன். கைக்குள் அடங்குகிற பெட்டி. ஆபத்து வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும், ஹெலிகொப்டர் தேடி வரும். துவக்கை விட ஆயிரம் மடங்கு பிரயோசனம். அவருக்குப் பிடித்துவிட்டது.

பீக்கனைப் பதிவு செய்யும்போது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று பெயர்கள் கேட்கும். நான் தட்டச்சு செய்தபடி கேட்டேன். அவர் எதையோ மறந்து வைத்தவர் மாதிரித் தன் பையைத் துழாவினார். கைத்தொலைபேசியை எடுத்தார், விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார், திரும்ப வைத்தார். "கடை நம்பரைப் போடலாமா?" என்று கேட்டார். எனக்கு அந்த விரலின் ஓட்டம் தெரியும். நான் அதே மாதிரிப் போன இரவுதான் என் தொலைபேசியைத் தள்ளிப் பார்த்திருந்தேன். கடை நம்பரைப் போடவில்லை, என் நம்பரைப் போட்டேன், பெயரையும் எழுத்துக் கூட்டிப் போட்டேன். ஜூடித் அதைத் திரையில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நேரங்கெட்ட நேரத்தில் யாராவது கூப்பிட்டால், உங்கள் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களா?"

பதினாறு வருடப் பழக்கம்

விண்ணப்பம் கொடுக்க வேண்டிய கடைசிக் கிழமை. காலையில் வேலைக்குப் போகிற வழியில் எங்கள் தெருமுனை டெயரிக்குள், இங்கே சின்னப் பலசரக்குக் கடைக்கு அதுதான் பெயர், பால் வாங்கப் போனேன். கல்லாவில் எப்போதும் போல ஹன்சா. குஜராத்திக்காரி, என்னை விட இரண்டு மூன்று வயது மூத்தவள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் குஜராத்தி தெரியாது, பதினாறு வருடமாக "ஹலோ", "குளிர்", "பை" என்று மூன்று ஆங்கிலச் சொல்லில் எங்கள் உறவு ஓடுகிறது. அவளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வாய் தானாகத் திறந்தது. "ஹன்சா, என்னை உனக்குத் தெரியும் என்று ஒருவரிடம் சொல்லுவாயா?" எதற்கு, யாரிடம் என்று அவள் கேட்கவில்லை. "ஓம், சொல்லுவேன்" என்று மீதிச் சில்லறையை என் கையில் வைத்தாள். துவக்குக்கு என்று பிறகு சொன்னபோது மட்டும் ஒரு முறை கண்ணைச் சிமிட்டினாள்.

பொலிஸ் சார்பில் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டியதெல்லாம் கேட்டார். மகளோடும் தொலைபேசியில் பேசினார். மகள் உடனே என்னைக் கூப்பிட்டு, "மம், ஆர் யூ ஓகே?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். மூன்று நாள் கழித்து டெயரிக்குப் போனேன். ஹன்சா கல்லாவை விட்டு வெளியே வந்துவிட்டாள். அரை மணி நேரம் கேள்வி கேட்டார்களாம். "என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"எப்படி இவரைத் தெரியும் என்று கேட்டார்கள். பாலை வைத்துத் தெரியும் என்றேன்" என்றாள் ஹன்சா. "முதலில் மூன்று லீட்டர், நீல மூடி. பிறகு ஒருநாள் கொழுப்பில்லாத பச்சை மூடி கேட்டாய். வீட்டில் யாருக்கோ இதயம் சரியில்லை என்று விளங்கிக்கொண்டேன். பிறகு ஒரு மாதம் நீ வரவேயில்லை. வந்தபோது இரண்டு லீட்டர் எடுத்தாய். மகள் போனதும் ஒரு லீட்டர். அதிலும் பாதியைக் கழுவுதொட்டியில் ஊற்றுகிறாய், எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் ஊற்றுகிறேன். எல்லாம் சொன்னேன்."

நான் குளிர்ப்பெட்டியின் கதவைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பின்னால் யாரோ பாணோடு காத்துக்கொண்டு நின்றார்கள். நிற்கட்டும். பதினாறு வருடமாக ஒரு மனுஷி என் வீட்டுச் சாவையும் பிரிவையும் மூடியின் நிறத்தில் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் மீதிச் சில்லறையை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஆனால் வேலைக்குப் போகிற வழியில் பயம் பிடித்துக்கொண்டது. புருஷன் இல்லை, பிள்ளை பக்கத்தில் இல்லை, பாலைக் கீழே ஊற்றுகிற தனி மனுஷி துவக்குக் கேட்கிறாள் என்று இவள் சொல்லிவைத்திருக்கிறாளே, எந்த அரசாங்கம் கொடுக்கும்? கெவின் கேக் வெட்டிவிட்டுப் போனார். கிரெய்க் என்னைப் பார்க்காமல் நேர அட்டவணை எழுதினார். ஒவ்வொரு நாளும் கடிதப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், இரண்டு நாள் வேலையும் ஐந்து நாள் சுவரும் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். மூன்றாம் கிழமை லைசன்ஸ் வந்தது.

கிரெய்க்குக் காட்டுவதற்கு முதல் அதை டெயரிக்குத்தான் கொண்டு போனேன். ஹன்சா மூக்குக் கண்ணாடியைப் போட்டு, என் படத்தை நன்றாகப் பார்த்து, அட்டையைத் திருப்பித் தந்தாள். நான் வழக்கம் போல ஒரு லீட்டர் போத்தலை எடுத்துவந்து கல்லாவில் வைத்தேன். அவள் அதைப் பறித்துக்கொண்டு போய்க் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தாள். "இரண்டு லீட்டர் எடு, நீல மூடி. ஞாயிற்றுக்கிழமை மகனைக் கடையில் இருக்கச் சொல்லிவிட்டு நான் சாய் குடிக்க வருகிறேன்."

பன்னிரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன், இந்த நாட்டில் துவக்கு எடுப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, அதற்கு முதல் உங்களைத் தெரிந்த ஒரு ஆளை எடுக்க வேண்டும், அந்தச் சாமான் மட்டும் எங்கள் கடையில் இல்லை.